தம்பி பேரில் 2011இல் விழுந்த போலீஸ் பதிவு: எப்படிப் பார்ப்பது, எப்படி அழிப்பது?

சாட்ஸ்வொர்த் அக்கா:

வணக்கம். வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. 2011 நவம்பரில் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே பையன்களுக்குள் கைகலப்பு. என் தம்பிக்கு அப்போது 19 வயது. போலீஸ் வந்து நாலைந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கைரேகை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி. "திங்கட்கிழமை கோர்ட் திறக்கும்வரை உள்ளே இரு, இல்லையென்றால் 300 ரேண்ட் கட்டி இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ" என்று சொன்னார்களாம். அப்பா காசை எடுத்துக்கொண்டு ஓடினார், கட்டினார், கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது டர்பன் துறைமுகப் பக்கம் ஒரு நல்ல வேலை கிடைத்து, சேர்வதற்கு முன் கைரேகைச் சோதனை செய்தபோது அவன் பேரில் தாக்குதல் குற்றம், தண்டனை பெற்றவன் என்று வந்திருக்கிறது. கோர்ட் படியே ஏறாதவனுக்குத் தண்டனை எங்கிருந்து வந்தது? அவன் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். அம்மாவுக்கு வேறு கவலை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பெண் வீட்டார் இதைத் தேடிப் பார்த்துவிட முடியுமா? கூகுளில் தேடினால் கைதுப் பதிவை சீல் செய்யலாம், அதாவது யாரும் பார்க்க முடியாதபடி மூடிவைக்கலாம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. அது இங்கே நடக்குமா?

பீனிக்ஸ்வாசி:

அக்கா, ஒரு வக்கீல் ஆபீஸில் 9 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான், உங்கள் தம்பி கதையை அங்கே வாரம் ஒரு முறையாவது கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். அந்த 300 ரேண்ட் ஜாமீன் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்ட தாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், அங்கே பதிவேட்டில் ஏறியதும், நீதிபதி முன்னால் நின்று தண்டனை வாங்கியதற்குச் சமமாகிவிட்டது. கைரேகையும் எடுத்திருப்பதால் பிரிட்டோரியாவில் உள்ள போலீஸ் குற்றப் பதிவு மையத்தில் அவன் பேரில் உட்கார்ந்துவிட்டது. 2020 லாக்டவுன் சமயத்திலும் எத்தனையோ பேர் இப்படித்தான் விவரம் தெரியாமல் கட்டிவிட்டு வந்தார்கள்.

கூகுளில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்காவின் கதை. அங்கே ஒருவரைக் கைது செய்தாலே அது பொதுப் பதிவு, பல ஊர்களில் படத்தோடு இணையத்தில் வந்துவிடும், அதனால்தான் சீல் செய்வதைப் பற்றி அவ்வளவு பேச்சு. இங்கே யாரும் உங்கள் தம்பி பெயரைத் தட்டிப் போலீஸ் பதிவைப் பார்க்க முடியாது. ஒருவருடைய குற்ற விவரம், நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் விசேஷப் பாதுகாப்புள்ள தகவல். வேலை கொடுப்பவர் சோதிக்க வேண்டுமென்றால் அவனுடைய சம்மதமும் கைரேகையும் வேண்டும், அதை அவன்தான் கொடுத்திருப்பான். பெண் வீட்டார் என்ன தேடினாலும் அந்தப் பதிவு அவர்கள் கைக்குப் போகாது, அம்மாவிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி அழிக்கும் வழி. முதலில் பதிவில் என்ன இருக்கிறது என்பதை அவனே கண்ணால் பார்க்க வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அடையாள அட்டையோடு போய்க் கைரேகை கொடுத்து, கட்டணம் கட்டி, போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தண்டனை இருந்தால் என்ன குற்றம், எந்தத் தேதி, என்ன தண்டனை என்று அதிலேயே வரும். அதை அழிக்க, தீர்ப்பு விழுந்து 10 வருடம் ஆகியிருக்க வேண்டும், அபராதம் என்றால் 20,000 ரேண்டுக்கு மேல் போயிருக்கக்கூடாது, அந்த 10 வருடத்துக்குள் அபராதம் கட்டித் தப்பிக்க வழியில்லாத சிறைத் தண்டனை எதுவும் வாங்கியிருக்கக்கூடாது. இவை பொருந்தினால், பதிவை அழிக்கக் கேட்கும் ஜே744 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து, அந்தச் சான்றிதழோடு சேர்த்து நீதித்துறையின் டைரக்டர் ஜெனரலுக்கு பிரிட்டோரியாவுக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. 2009 மே மாதத்திலிருந்து இந்த வழி திறந்திருக்கிறது, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியவில்லை.

மெர்பேங்க் பொண்ணு:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் என் கதை வேறு. என்னைக் கைது செய்தது உண்மை, ஆனால் இரண்டாவது வாய்தாவிலேயே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். தண்டனையே இல்லை. அப்படியும் 4 வருடம் கழித்து டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்தபோது வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. கோர்ட்டில் முடிந்த விஷயத்தை யாரும் பதிவு மையத்துக்குத் தெரிவிக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு வரிக்காக எத்தனை ராத்திரி நான் தூங்கவில்லை தெரியுமா?

இப்படிப்பட்டவர்கள் ஜே744 பக்கம் போக வேண்டாம், அது தண்டனை பெற்றவர்களுக்கானது. வழக்கு நடந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிளார்க்கிடம் போய், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். நான் முதல் நாள் போலீஸ் கொடுத்த கேஸ் நம்பரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், அதை வைத்துத் தேட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோர்ட் நம்பர் வேறு, அது குற்றப்பத்திரிகையில் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். அந்த நகலை உள்ளூர்க் குற்றப் பதிவு மையத்தில் கொடுத்தால்தான் அவர்கள் கணினியில் முடிந்தது என்று மாற்றுவார்கள். கொடுத்ததற்குத் தேதி போட்ட ரசீது கேட்டு வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள். நான் வாங்கவில்லை, அதனால் இரண்டாம் முறை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

வெருலம் மாமா:

ஏஜென்டுகளிடம் போகாதீர்கள் அம்மா. என் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு ஆள் ஒரே மாதத்தில் அழித்துத் தருகிறேன் என்று 6,000 ரேண்ட் வாங்கிக்கொண்டான். கடைசியில் பார்த்தால் அதே இலவசப் படிவத்தைத்தான் நிரப்பியிருக்கிறான், அதிலும் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போய் விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்த வேலை ஒரு மாதத்தில் முடியாது, பல மாதம் ஆகும். சீக்கிரம் முடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் காசைக் கொடுக்காதீர்கள். நிரப்பத் தெரியவில்லை என்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டில் கேளுங்கள், பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்கலாம்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குள் நடந்த தப்பு என்றால் சிறுவர் நீதிச் சட்டம் தனி. லேசான குற்றத்துக்கு 5 வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். வழக்குக்குப் போகாமல் திருத்தத் திட்டத்துக்கு அனுப்பியிருந்தால் அது தண்டனையே ஆகாது. அப்புறம், என் அப்பா காலத்து ஆட்களில் பாஸ் சட்டம் (கறுப்பின மக்கள் அனுமதித் தாள் இல்லாமல் நடமாடக்கூடாது என்றது) மாதிரியான பழைய இனவெறிச் சட்டங்களில் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. அவற்றைப் போலீஸ் தானாகவே அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்னும் பதிவில் கிடந்தால் எழுதிக் கேளுங்கள். அந்தக் களங்கம் அவர்களுடையது இல்லை.

சாட்ஸ்வொர்த் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. படித்துக் காட்டியபோது அம்மா அழுதுவிட்டார்கள். அப்பாவின் பழைய பிஸ்கட் டப்பாவில் அந்த ரசீது கிடைத்தது, 2011 நவம்பர் தேதி, 300 ரேண்ட், தம்பியின் கையெழுத்து. அப்படியானால் 10 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, நாங்கள்தான் தெரியாமல் இருந்திருக்கிறோம். திங்கட்கிழமை கைரேகை கொடுக்கப் போகிறான். ஒரே ஒரு கேள்வி. கம்பெனிக்காரர்களிடம் இப்போது என்ன சொல்வது? பதிவு அழியும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்களே.

பீனிக்ஸ்வாசி:

உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள் அக்கா. அவர்கள் கையில் ஏற்கெனவே தாள் இருக்கிறது, மறைத்தால் அதுதான் பெரிய தப்பாகிவிடும். 19 வயதில் நடந்த ஒரு கைகலப்பு, கோர்ட்டுக்கே போகவில்லை, 300 ரேண்ட் அபராதம், அழிக்க விண்ணப்பித்திருக்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ரசீது நகலையும் ஜே744 அனுப்பியதற்கான தபால் சீட்டையும் இணைத்துக் கொடுக்கட்டும். அந்தக் கம்பெனி ஏற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இப்படி எழுதிக் கொடுத்து வேலையில் சேர்ந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 10 வருடம் ஆகாதவர்கள் இதைப் படித்தால் மனம் விட்டுவிடாதீர்கள். என்ன கையெழுத்துப் போடுகிறோம் என்று யாரும் விளக்காமல் வாங்கிய அபராதத்தை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. அதற்கு வக்கீல் வேண்டியிருக்கும். லீகல் எய்டில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

அழித்ததற்கான சான்றிதழ் கைக்கு வந்ததும் தம்பியை மறுபடியும் ஒரு கிளியரன்ஸ் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீதித்துறை சரி என்று சொன்ன பிறகும் போலீஸ் கணினியிலிருந்து உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.