ஹெட் பூட்டுவதற்கு முன் வால்வு கசிகிறது: அப்படியே பூட்டலாமா?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். என்னுடைய டொயோட்டா கொரோல்லாவின் 5ஏ எஞ்சின் சூடேறிக் கேஸ்கட் போய்விட்டதால், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையொன்றில் முகத்தைச் சீவி, 16 வால்வுகளுக்கும் சீட் (வால்வு மூடி அமரும் வளையம்) வெட்டிக் கொண்டுவந்தேன். பிளக்குகளை இறுக்கி, ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, வால்வு கசிகிறதா என்று நான்கு எரி அறைகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் துளை இரண்டே நிமிடத்தில் நனைந்தது. மற்றவை கால் மணி நேரமாகியும் காய்ந்தே இருந்தன. எஞ்சின் ஓட ஓடத் தானாகப் படிந்துவிடும் என்கிறார் பட்டறைக்காரர். நம்பிப் பூட்டலாமா?

பதில் 1

தம்பி, பூட்ட வேண்டாம். பத்து நிமிடத்துக்குப் பிறகு மெல்லிய ஈரக்கோடு தெரிந்தால் நான் பொறுத்துக்கொள்வேன், ஆனால் இரண்டு நிமிடத்தில் இறங்குவது அப்படியல்ல. எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அந்த அமர்வு எங்கே விடுபடுகிறதோ, அங்கே எரியும் வாயு புகுந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும்.

முதலில் மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, வால்வுத் தண்டின் நுனியை மரச்சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி மீண்டும் ஊற்றுங்கள். புதிதாகப் பூட்டிய வால்வு சரியாக அமராமல் இருப்பதும் உண்டு. அப்போதும் கசிந்தால், டோர்ச் அடித்து, அந்தத் துளைக்குள் இருக்கும் இரண்டு வால்வுகளில் எது நனைகிறது என்று பார்த்து, அதை மட்டும் கழற்றுங்கள். வால்வின் முகத்தில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, சுழற்றாமல் சீட்டில் அழுத்தி எடுத்தால், சீட்டில் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீற்றர் அகலத்தில் அறுபடாத வளையம் பதிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் தண்டு வளைந்திருக்கலாம், தண்டு ஓடும் குழாயான கைட் தேய்ந்திருக்கலாம், அல்லது சீட் கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம். வால்வையும் சீட்டையும் உராய்க்கும் பேஸ்ட் போட்டு உராய்த்து இவற்றைச் சரிசெய்ய முடியாது.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சீட் வெட்டியதும் வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு, வால்வுகளை அழுத்தித் திறக்கும் கேம்ஷாஃப்ட் பக்கமாக உயர்ந்துவிடும். மேசையில் கேம்ஷாஃப்ட் இல்லாமல் சோதிக்கும்போது ஒரு சொட்டும் கசியாத வால்வு, கேம்ஷாஃப்டைப் பூட்டியதும் இடைவெளியில்லாமல் சற்றே திறந்தபடி நிற்கக்கூடும். ஆகவே கேம்ஷாஃப்டைப் பூட்டி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒவ்வொரு வால்வின் இடைவெளியையும் அளந்து, தேவையான இடத்தில் சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றுங்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெற்றோல் ஊற்றும் வழக்கமும் உண்டு. மூடிய கராஜுக்குள் அது மிகவும் ஆபத்தானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டிய பிறகும் கசிந்தது. நீலம் பாதி வட்டத்துக்கு மட்டுமே பதிந்தது; வால்வைக் கண்ணாடித் தட்டில் உருட்டியபோது தண்டு வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. பஞ்சிகாவத்தையில் புதிய வால்வு வாங்கி, பேஸ்டால் உராய்த்துக் கழுவிப் பூட்டினேன். இன்று இருபது நிமிடமாகியும் துளை காய்ந்தே இருக்கிறது. இடைவெளி அளந்ததில் மூன்று வால்வுகள் இறுக்கமாக இருக்கின்றன. அவற்றுக்குரிய சிம் தேடி நாளை மீண்டும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன்.