ஆட்டிசம் உள்ள மகனுடன் போய்வரக்கூடிய பழைய துணிக்கடை, சர்ப்ளஸ் கடை: திருப்பூர், கோவை பக்கம் எங்கே?

கேள்வி: திருப்பூர்த் தாய்

வணக்கம். என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு என்றாலும் நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். துணிக்கடைக்கு அழைத்துப் போவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. போன ஆடித் தள்ளுபடியின்போது கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். வாசலில் ஒலிபெருக்கி, உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரம் ஓடும் தொலைக்காட்சிகள், பத்தடிக்கு ஒருவர் குறுக்கே வந்து "என்ன பாக்கறீங்க?" என்று கேட்பது, இத்தனையும் சேர்ந்து மாடிப்படி அருகே அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "பையனை வெளிய கூட்டிட்டுப் போயிருங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மேற்பார்வையாளர். அன்றிலிருந்து அவனுக்குச் சட்டை எடுக்க நான் மட்டுமே போகிறேன். எடுத்து வருவதில் பாதி அலமாரியிலேயே கிடக்கிறது.

புதுத்துணியின் மொடமொடப்பு அவனுக்கு ஆகாது. என் அண்ணன் மகன் போட்டு, துவைத்துத் துவைத்து இளகிப்போன பனியன்களைத்தான் விரும்பிப் போடுகிறான். அதனால் பழைய துணி விற்கும் கடைகளைத் தேடலாமே என்று தோன்றியது. என் மாமியாருக்கோ பழைய துணி என்பது பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவதற்கு மட்டுமே உரியது. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். இவனையும் கூட அழைத்துப் போகக்கூடிய அமைதியான கடை இந்தப் பக்கம் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுத் துணி முழுவதையும் விளிம்போடு விளிம்பு பொருத்தி, நிறவாரியாக மடித்து அடுக்குபவன் அவன்தான். இப்படிப்பட்ட கடையில் அவனுக்கு வேலை கிடைக்குமா?

பதில் 1: காதர்பேட்டை வியாபாரி

அக்கா, நான் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மீந்த துணி விற்கும் சின்னக் கடைக்காரன். எங்கள் சரக்கு ஒருவர் உடுத்தியது அல்ல என்பதால் உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டிய தேவையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள். அன்று வெளியூர்க் கூட்டம் மொய்க்கும். வார நாட்களில் காலை பத்து மணிக்கு வந்தால் நாங்களே அப்போதுதான் கட்டுப் பிரித்துக்கொண்டிருப்போம்.

துணி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றுமதியில் மீந்ததை உள்ளூரில் விடும்போது வெளிநாட்டு நிறுவனத்தின் லேபிளை வெட்டிவிடுவது வழக்கம். லேபிள் இல்லையே என்று நிம்மதியாக வாங்கிப் போவீர்கள். ஆனால் வெட்டிய அடிக்கட்டை கழுத்துப் பட்டைத் தையலுக்குள் நின்றுகொண்டு, முழு லேபிளைவிட மோசமாகக் குத்தும். ஊசி முனையால் அந்த நான்கு தையலை மட்டும் நெம்பி, கட்டையை உருவிவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும்; கேட்டால் நானே செய்து தருவேன். அளவைக் கழுத்திலேயே அச்சடித்திருக்கும் பனியன் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. கையை உள்ளே விட்டுத் தோள் தையலையும் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் என்றால் மேடு தட்டும். பிளாட்லாக் என்றால் தட்டையாக இருக்கும்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பையனுக்காக ரேடியோவை நிறுத்தினேன், மினுங்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டை மாற்றினேன். அதெல்லாம் எளிது. மாலை ஆறு மணிச் சாம்பிராணிப் புகையை நிறுத்தத்தான் அப்பாவிடம் ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் புகை கடைக்கு வெளியே திண்ணையோடு நின்றது.

பதில் 2: சிறப்புக் கல்வி ஆசிரியை, ஈரோடு

இங்கிலாந்தில் இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். அங்குள்ள தேசிய ஆட்டிசம் சங்கம் 2017 அக்டோபரில் கடைகளைச் சேர்த்துக்கொண்டு 'ஆட்டிசம் நேரம்' ஒன்றை நடத்தியது. 2018 இல் மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடி சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்து வரை விளக்கைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, அறிவிப்புகளைத் தவிர்த்து, பில் போடும் இயந்திரத்தின் பீப் ஒலியையும் தணிக்கத் தொடங்கியது. நம்மூர்க் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால் "அவ்வளவு சின்னக் கடைங்க டீச்சர்" என்கிறார்கள். சின்னக் கடையில்தான் இது சுலபம். முதலாளி ஒருவர், சுவிட்ச் ஒன்று.

போவதற்கு முன்பே கடையின் வாசல், அடுக்கு, பணம் கட்டும் இடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து இரண்டு மூன்று நாள் மகனுக்குக் காட்டுங்கள். முதல் முறை எதுவும் வாங்காமல் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டாலும் அதை வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

வேலை குறித்து என் கருத்து சற்றுக் கறாரானது. பழைய பொருள் கடைக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1902 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய குட்வில் அமைப்பு, வீடுகளில் சேகரித்த பழைய பொருள்களை ஏழை எளியவர்களைக் கொண்டே செப்பனிட்டு விற்று வளர்ந்தது. பின்னாளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சியும் அதன் முக்கியப் பணியானது. பிரிப்பது, மடிப்பது, அளவு ஸ்டிக்கர் ஒட்டுவது போன்ற வேலைகள் உங்கள் மகனுக்குப் பொருந்தும். ஆனால் அவன் அடுக்கியதை வாடிக்கையாளர் அடுத்த நிமிடமே கலைத்துவிடுவார். ஆகவே கடை முகப்பில் அல்லாமல் பின்னறையில் இடம் கேளுங்கள். "பயிற்சிதானே" என்று மாதக்கணக்கில் கூலியில்லாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், எத்தனை நாள் பயிற்சி, அதற்குப் பிறகு என்ன கூலி என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டையை இதுவரை எடுக்கவில்லை என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு முதலில் அதை முடியுங்கள்.

பதில் 3: உக்கடம் ஞாயிறு

எனக்கு வயது 31. கோவையில் கணக்கு எழுதும் வேலை. எனக்கே ஆட்டிசம் உண்டு. உக்கடத்தில் பழைய சாமான் வாங்குவது என் பொழுதுபோக்கு. சத்தத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். காதடைப்பான் போட்டுக்கொண்டால் என்னால் சத்தத்தைச் சமாளிக்க முடியும். சமாளிக்க முடியாதது பேரம். பழைய பொருளுக்கு விலைச்சீட்டு இருப்பதில்லை. "நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று கடைக்காரர் கேட்பார். அது கேள்வியா, விளையாட்டா, எவ்வளவு குறைத்துச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு விளங்காது. பலமுறை பொருளைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அட்டைத்துண்டில் விலையை எழுதிச் செருகி வைக்கும் ஒரே ஒரு கடைக்காரரிடம்தான் நான்கு ஆண்டுகளாக வாங்குகிறேன். விளக்கைக் குறைக்கிறாரோ இல்லையோ, அவர் கடைதான் எனக்கு இணக்கமான கடை.

காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அமைதி என்ற ஏற்பாட்டில் எனக்கு முழு உடன்பாடில்லை. மற்ற நேரமெல்லாம் நீங்கள் வராதீர்கள் என்று அதற்கு அர்த்தமாகிவிடக் கூடாது. இன்னொன்று, பழைய துணியைப் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பார்கள். எனக்கு அந்த வாடை இரண்டு துவைப்புக்குப் பிறகும் போகாது. உங்கள் மகனுக்கும் அப்படியென்றால் காதர்பேட்டையே மேல்.

கேள்வி கேட்டவரின் பதில்: திருப்பூர்த் தாய்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி படம் காட்டிவிட்டு, புதன்கிழமை காலை பத்தேகாலுக்குக் காதர்பேட்டைத் தம்பியின் கடைக்குப் போனோம். விலையை முன்கூட்டியே அட்டையில் எழுதி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன், எழுதி வைத்திருந்தார். மகன் பதினைந்து பனியன்களின் தோள் தையலைத் தடவிவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்தான். மூன்றும் ஒரே சாம்பல் நிறம். ஒன்றில் லேபிள் கட்டை இருந்தது, அதையும் அவன்தான் கண்டுபிடித்து நீட்டினான். நாங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பிரித்துக் கிடந்த கட்டின் துணிகளை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கிவிட்டான். முடிக்கட்டும் என்று தம்பி நாற்பது நிமிடம் பேசாமல் விட்டார். கிளம்பும்போது, "அடுத்த புதனும் வரச் சொல்லுங்கக்கா, கட்டு ரெண்டு வருது" என்றார். போகிறோம். கூலிப் பேச்சை அன்றைக்கு எடுப்பேன். தம்பி இதைப் படிப்பார் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.