அப்பாவுக்கு றோபோ ஒப்பரேசன் செய்தனாங்கள்: கேக்கிற ஆக்களுக்காக எங்கட அனுபவம்

கோப்பாய்ப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தவர், தகப்பனுக்கு புறஸ்ரேட் (ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) கான்சர், காணியை ஈடு வைச்செண்டாலும் சென்னைக்குக் கொண்டுபோய் றோபோவால ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு. அதுக்கு ரெண்டு வரியில பதில் எழுத மனம் வரேல்ல. நாங்களும் அதே இடத்தில நிண்டு திக்குமுக்காடின ஆக்கள். அதால நடந்ததை முழுக்க எழுதுறன், நீளமெண்டு குறை நினைக்காதேங்கோ.

அப்பாவுக்கு அப்ப 64 வயசு. தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும். இரவில நாலைஞ்சு தரம் எழும்பி வெளியில போவார், கேட்டா சீனி கூடிட்டுது போல எண்டுவார். சீனி பாக்கப் போன இடத்தில டொக்டர் பிஎஸ்ஏ எண்ட, புறஸ்ரேட் சுரப்பியில பிரச்சினை இருக்கோ எண்டு பாக்கிற ரத்தச் சோதனையும் சேத்து எழுதிவிட்டவர், அது 11 எண்டு வந்தது. பேந்து எம்ஆர்ஐ, பயொப்சி (சதைத் துண்டு எடுத்துப் பாக்கிறது), எலும்பு ஸ்கான். கிளீசன் 7 (கான்சர் எவ்வளவு வேகமானது எண்டு காட்டுற புள்ளி, 6 எண்டா ஆகக் குறைவு, 10 எண்டா ஆகக் கூட), எலும்புக்குப் பரவேல்ல, சுரப்பிக்குள்ளதான் நிக்குது எண்டு சொல்லிச்சினம். (இரவில எழும்பினதுக்கும் கான்சருக்கும் பெரிசாத் தொடர்பில்லையாம், அது வயசுக்கு சுரப்பி வீங்கிறதாலயாம். ஆரம்பத்தில இந்தக் கான்சர் ஒரு குணமும் காட்டாமலே இருக்குமாம். 50 தாண்டின அப்பாமார் இருக்கிற வீட்டுக்காரர் இதை ஒருக்கா யோசியுங்கோ.)

செய்தி ரொறன்ரோவுக்குப் போன அண்டைக்கே சித்தப்பா போன் எடுத்திட்டார். காசைப் பற்றி யோசியாதேங்கோ, றோபோ செய்தா கை நடுக்கம் இல்லை பிழை இல்லை, எல்லாம் கொம்பியூட்டர் தானாப் பாத்துச் செய்யும் எண்டு. இங்கால பெரியம்மா, பெத்த உடம்பை மெசினிட்டக் குடுக்கிறதோ எண்டு நல்லூரானுக்கு நேத்தி வைச்சு அழுறா. ரெண்டு பேரும் அன்பிலதான் கதைச்சவை, ஆனா ரெண்டு பேரும் நினைச்சது ஒண்டுதான், மெசின் தன்ரபாட்டில வெட்டும் எண்டு. அது அப்பிடி இல்லவே இல்லை. அதை விளங்க எங்களுக்கு ஒரு மாசம் போனது.

இங்க கிளினிக்கில பாத்த டொக்டர் சொன்ன ஒண்டு இப்பவும் காதில நிக்குது. "எந்த ஆயுதத்தால வெட்டுறது எண்டது ரெண்டாவது கேள்வி தம்பி, வெட்டத்தான் வேணுமோ எண்டது முதல் கேள்வி." அப்பாவுக்கு ரேடியேசனும் ஹோர்மோன் ஊசியும் ஒரு வழி, வெட்டி எடுக்கிறது மற்ற வழி, ரெண்டும் சரியான வைத்தியம்தான் எண்டவர். அப்பா ரெண்டு நாள் ஒண்டும் கதைக்கேல்ல. மூண்டாம் நாள் விடிய தேத்தண்ணியோட இருக்கேக்க, எடுத்துப்போட்டா என்ர மனம் ஆறும் எண்டார். அதுக்குப் பிறகுதான் சென்னைக் கதை.

பலாலியில ஏறிப் போனனாங்கள். அங்க சேர்ஜன் எம்ஆர்ஐ படம் வந்த பெரிய உறையைத் திருப்பிப்போட்டு அதில பேனையால கீறிக் காட்டினவர். நடுவில கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிசா சுரப்பி, மேல சலப்பை, கீழ மூத்திரத்தைப் பிடிச்சு வைக்கிற தசை, ரெண்டு பக்கமும் சிலந்தி நூல் மாதிரி நரம்பு. இந்த நூல் அறுந்தா ஆம்பிளைத்தனம் பாதிக்கும், இந்தத் தசை பழுதானா மூத்திரம் ஒழுகும், கான்சரையும் மிச்சம் விடேலாது, இடுப்பெலும்புக்குள்ள இவ்வளவு ஒடுங்கின இடத்தில இதைச் செய்யத்தான் அந்த மெசின் உதவி எண்டவர்.

அதே தியேட்டருக்குள்ளதான் அவர் இருப்பாராம், அப்பாவில இருந்து கொஞ்சத் தூரத்தில ஒரு பெட்டிக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு. உள்ளுக்க 10 மடங்கு பெரிசா, ஆழம் தெரியிற மாதிரி படம் தெரியுமாம். விரலில ரெண்டு வளையம் மாதிரிப் பிடி. அவர் விரலை மடிச்சா அப்பாவின்ர வயித்துக்குள்ள இருக்கிற கருவி மடியும், அவர் கையை 3 சென்ரிமீற்றர் அசைச்சா அது 1 சென்ரிமீற்றர் அசையிற மாதிரி வைக்கலாம், கை நடுக்கத்தை மெசின் வடிச்சிடும். றோபோ இல்லாமல் சின்னத் துவாரத்தால செய்யிற லப்பரஸ்கோப்பிக் கருவி நீட்டுத் தடி மாதிரி, இதுக்கு மணிக்கட்டு இருக்கு, அதுதான் பெரிய வித்தியாசம். அவர் தலையை வெளியில எடுத்தா கருவியள் அப்பிடியே நிண்டிடும். அது தானா ஒரு தையல் கூடப் போடாது.

அப்பா கேட்டார், "ஐயா, கரண்ட் போனா?" டொக்டர் சிரிக்கேல்ல, நல்ல கேள்வி எண்டு சொல்லிட்டு, பற்றரி இருக்கு, அதுவும் சரிவராட்டி மெசினின்ர கைகளைக் கழட்டிப்போட்டு நாங்களே திறந்து முடிப்பம், அது தெரியாத ஆள் இந்த மெசினில இருக்கவே கூடாது எண்டவர். அந்த ஒரு பதிலிலதான் எங்களுக்கு அவரில நம்பிக்கை வந்தது. பேந்து நான் துணிஞ்சு கேட்டன், நீங்கள் உங்கட கையால எத்தினை பேருக்கு இதைச் செய்திருக்கிறீங்கள் எண்டு. கோவிக்கேல்ல, 400க்கு மேல எண்டு சொல்லி, எத்தினை பேருக்கு ஒழுகல் மிஞ்சினது எண்டும் சொன்னவர். தம்பி, இதைக் கட்டாயம் கேளுங்கோ. ஆஸ்பத்திரியில மெசின் இருக்கோ எண்டு கேக்கிறது காணாது, அதில இருக்கப்போற ஆள் ஆர் எண்டு கேளுங்கோ.

அப்ப அப்பா என்னைப் பாத்து, "தம்பி நீ கொஞ்சம் வெளியில நில்" எண்டார். நான் கதவடியில நிண்டனான். உள்ளுக்க கால் மணித்தியாலம் அப்பாவும் அம்மாவும் டொக்டரும். என்ன கதைச்சவை எண்டு இண்டைக்கும் நான் கேக்கேல்ல. ஆனா அந்தக் கதை நடக்காமல் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைச்சிருந்தா அது பெரிய பிழையாப் போயிருக்கும்.

அந்தச் சேர்ஜன் ஒண்டையும் கூட்டிச் சொல்லேல்ல. பிறிஸ்பனில திறந்து செய்தவையையும் றோபோவால செய்தவையையும் வைச்சுச் செய்த ஆய்வு 2016லயும் 2018லயும் வந்ததாம், ரெண்டு வருசம் போனாப் பிறகு மூத்திரக் கட்டுப்பாட்டிலயும் மற்ற விசயத்திலயும் ரெண்டு பகுதியும் ஏறக்குறைய ஒண்டுதானாம். ரத்தம் குறையப் போகும், கெதியா எழும்பி நடக்கலாம், அது உண்மையான லாபம், ஆனா றோபோ எண்டதால கான்சர் கூடச் சுகமாகும் எண்டு நினைக்காதேங்கோ எண்டவர்.

காசுக் கதையும் சொல்லோணும். இங்க இருந்து ஒழுங்கு பண்ணித் தந்தவர் ஒரு தொகை சொன்னவர், அங்க போனாப் பிறகு கருவிக்குப் புறிம்பா, அறைக்குப் புறிம்பா எண்டு பில் நீண்டது. அந்தக் கருவி ஒவ்வொண்டையும் இத்தினை தரம்தான் பாவிக்கலாம் எண்டு கணக்கிருக்காம், அதாலதான் விலை. அது நியாயமா இருக்கலாம், ஆனா முதலே சொல்லியிருக்க வேணும். அம்மாவின்ர ரெண்டு காப்பு அதில போனது. எழுத்தில வாங்காமல் ஆரையும் நம்பிப் போகாதேங்கோ.

ஒப்பரேசன் நாலு மணித்தியாலம். வெளியில கொண்டுவந்த அப்பாவை எனக்கு மட்டுப்பிடிக்கவே ஏலாமல் போச்சு, முகம் ஊதி இமை ரெண்டும் வீங்கி. தலைப்பக்கத்தைப் பள்ளமாச் சரிச்சு வைச்சுத்தான் செய்யிறதாம், அதால வாறது, அடுத்த நாள் வத்திட்டுது. ஆனா அம்மா அந்தக் கோலத்தைப் பாத்து விறைச்சுப்போனா, இதை ஒருத்தரும் எங்களுக்கு முதலே சொல்லேல்ல. வயித்தில ஆறு சின்ன வெட்டு. தோள்மூட்டு நோகுது எண்டார், அது வயித்துக்குள்ள விட்ட காஸாலயாம். ரெண்டாம் நாள் நடந்தார். மூத்திர ரியூபும் பையும் ஒம்பது நாள். சாரத்துக்குள்ள பையைக் கட்டிக்கொண்டு லொட்ஜ் விறாந்தையில நடப்பார், ஆரும் வந்தா துவாயால மூடுவார்.

ரியூபைக் கழட்டினாப் பிறகுதான் கஸ்ரம். இருமினாப் போகும், எழும்பினாப் போகும். ஒரு நாளைக்கு மூத்திரம் உறிஞ்சுற பாட் நாலைஞ்சு. ஊருக்கு வந்தும் கலியாணவீடு செத்தவீடு ஒண்டுக்கும் போகேல்ல. மூத்திரத்தை இடையில மறிக்கிற மாதிரித் தசையை இறுக்கி விடுற பயிற்சி சொல்லிக் குடுத்தவை. அப்பா அதை இறைப்புக்கு மெசின் போட்டிட்டு வாய்க்கால் வரம்பில இருந்து செய்வார், ஒரு பாத்தி நிரம்பி மற்றதுக்குத் தண்ணி திருப்பும்வரைக்கும் ஒரு சுற்று. கணக்குப் பிசகாமல் நாலு மாசம். இப்ப பாட் இல்லை. பிஎஸ்ஏ 0.1க்குக் கீழ நிக்குது. மற்ற விசயம் எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டன்.

மானிப்பாய் அக்கா:

தம்பி வாசிச்சு அழுதிட்டன். எங்கட கதை மறுபக்கம், அதையும் எழுதுறன், ஏனெண்டா றோபோ எல்லாக் கான்சருக்கும் நல்லது எண்டு ஆரும் நினைக்கக் கூடாது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆரம்ப நிலை. லண்டனில இருக்கிற அண்ணா றோபோதான் வேணும் எண்டு நிண்டவர். ஆனா பாத்த லேடி டொக்டர், வயித்தைத் திறந்துதான் செய்வன் எண்டு சொல்லிட்டா. பழைய காலத்து ஆள் போல எண்டு நாங்கள் நினைச்சனாங்கள், வேற இடம் போகவும் வெளிக்கிட்டனாங்கள். அப்பதான் அவா எங்களை இருத்திவைச்சு விளங்கப்படுத்தினவா. 2018ல ஒரு பெரிய ஆய்வு, 631 பெண்கள், திறந்து செய்தவையில நாலரை வருசத்தில 96.5 வீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தவை, சின்னத் துவாரத்தால செய்தவையில, அதில றோபோவும் சேத்தி, 86 வீதம்தான். நல்லது எண்டு எல்லாரும் நம்பினது, பாத்தா மறுவளமா வந்திருக்கு. 2019ல மருந்து, மருத்துவக் கருவியளைக் கண்காணிக்கிற அமெரிக்காவின்ர எஃப்டிஏயும் மார்பகம் எடுக்கிறதுக்கும் கான்சரைத் தடுக்கிற, சுகமாக்கிற ஒப்பரேசனுக்கும் றோபோ பாதுகாப்பு எண்டு இன்னும் நிறுவப்படேல்ல எண்டு எச்சரிச்சது.

அம்மாவுக்குப் பெரிய தழும்பு, தொப்புளில இருந்து கீழ வரைக்கும். ஒண்டரை மாசம் குனியக்கூட விடேல்ல. ஆனா தெல்லிப்பழை கிளினிக்குக்கு இப்ப தானே பஸ் ஏறிப் போய் வாறா. அண்டைக்கு அந்த டொக்டர் எங்கட விருப்பத்துக்குத் தலையாட்டியிருந்தா எண்டு நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறும்.

லண்டன் மிஸ்ஸி:

நான் இங்க தியேட்டரில வேலை, றோபோ ஒப்பரேசன் நடக்கேக்க நிக்கிறனான். ஊர்ச் சனம் என்னட்ட அடிக்கடி கேக்கிறது, கனடாவில இருக்கிற டொக்டர் அங்கயிருந்தே யாழ்ப்பாணத்தில செய்யலாமோ எண்டு. 2001 செப்டம்பரில நியூயோர்க்கில இருந்து பிரான்ஸ் ஸ்ராஸ்பேர்க்கில இருந்த ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை எடுத்தவை, உண்மைதான், ஆனா நாங்கள் நாளாந்தம் செய்யிறது அப்பிடி இல்லை. சேர்ஜன் எழும்பி வந்தா பத்து அடியில நோயாளியிட்ட நிப்பார், பக்கத்தில இன்னொரு டொக்டர் கையைக் கழுவி உடுத்துக்கொண்டு எப்பவும் நிப்பார். ரத்தம் கண்டா உறிஞ்சுறது, கருவி மாத்துறது, எடுத்த சுரப்பியை ஒரு சின்னப் பைக்குள்ள போட்டுத் தொப்புள் துவாரத்தைக் கொஞ்சம் பெருப்பிச்சு வெளியில எடுக்கிறது எல்லாம் அவையின்ர கை. அவசரத்தில அந்தக் கைகளைக் கழட்டி எடுக்கிறதை நாங்கள் பழகிப் பாக்கிறனாங்கள், ஆர் எதைத் தள்ளுறது எண்டு ஒவ்வொருத்தருக்கும் இடம் இருக்கு.

இன்னொண்டு, கனகாலமா இந்த மெசினில தொட்டு உணருற உணர்வு இல்லை. தையல் நூலை எவ்வளவு இழுக்கிறது எண்டதைக் கண்ணாலதான் பாத்து மட்டுப்பிடிக்கிறது. டாவின்சி எண்ட றோபோவில புதுசா வந்த டாவின்சி 5லதான் அது கொஞ்சம் வந்திருக்கு. அதால அண்ணை சொன்னதை நானும் சொல்லுறன், செய்து செய்து பழகின ஆளைத் தேடுங்கோ.

வல்வெட்டித்துறை:

என்ர மாமாவுக்கும் புறஸ்ரேட்தான், கிளீசன் 6. ஒண்டும் செய்யேல்ல. அதாவது சும்மா விடேல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிஎஸ்ஏ, இடைக்கிட எம்ஆர்ஐ, தேவைப்பட்டா திரும்பப் பயொப்சி, கூடினாத்தான் வைத்தியம். சொந்தக்காரர் எல்லாரும் ஏசினவை, காசுக்குப் பஞ்சியில கிழவனைச் சாக விடுறாங்கள் எண்டு. ஆனா இங்கிலாந்தில 1643 ஆம்பிளையளைக் கண்காணிப்பு, ஒப்பரேசன், ரேடியேசன் எண்டு மூண்டாப் பிரிச்சு 15 வருசம் பாத்தவை, 2023ல முடிவு வந்தது, எந்தப் பகுதியிலயும் இந்தக் கான்சரால செத்தது நூறுக்கு மூண்டு பேரளவுதான். எல்லாம் கெதியாக் கண்டுபிடிச்ச ஆக்கள், அதையும் சொல்லோணும். மாமா நாலு வருசமா அப்பிடியே இருக்கிறார், விடிய கடற்கரைக்கு நடந்து போய் வாறவர்.

கேட்ட தம்பி:

எல்லாருக்கும் சரியான நன்றி. அண்ணை, உங்கட அப்பாவின்ர கதையை எங்கட அப்பாவுக்கு இரவு வாசிச்சுக் காட்டினனான், வாய்க்கால் வரம்புக் கதையில சிரிச்சவர், பேந்து கனநேரம் பேசாமல் இருந்தவர். வல்வெட்டித்துறை அண்ணை எழுதினதைப் பாத்திட்டு பயொப்சி றிப்போட்டைத் திரும்ப எடுத்துப் பாத்தன், அதில கிளீசன் 6 எண்டுதான் போட்டிருக்கு. நாங்கள் கான்சர் எண்ட சொல்லோட நிண்டிட்டம், கீழ வாசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக். காணி உறுதியைத் திருப்பி அலுமாரிக்குள்ள வைச்சிட்டன், றிப்போட்டையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போறன், வெட்டத்தான் வேணுமோ எண்டு அப்பாவே கேக்கட்டும்.