கால் எரிவுக்கு மனச்சோர்வுக் குளுசையா?

கல்லடியான்:
அம்மாவுக்கு வயது 68, சீனி வருத்தம் வந்து 14 வருடம். இரவில் உள்ளங்கால் எரிவு தாங்காமல் கட்டிலை விட்டிறங்கி, சீமெந்துத் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு இருப்பார். கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் குளுசையில் பாதி, படுக்கப் போகும்போது என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டுப் பொடியன் பெயரைப் போனில் தட்டிப் பார்த்து, 'இது மனச்சோர்வு மருந்து' என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா தொடுவதில்லை. 'எனக்கென்ன விசரா?' என்கிறார். கொடுக்கவா, விடவா?

வாவிக்கரை:
விடுங்கள். எங்கள் வாப்பாவுக்கும் இதே கால் எரிவு, இதே குளுசை. மூன்றாம் நாள் மூத்திரம் அடைத்து, ட்யூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அவருக்கு ப்ரோஸ்டேட் வீக்கம் இருந்தது. மருந்து எழுதியவர் கேட்கவே இல்லை. 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மருந்து இது. மலிவு என்பதற்காக இன்னும் வயசாளிகள் தலையில் கட்டுகிறார்கள்.

மருந்துத்துண்டு:
கல்முனைப் பக்கம் பார்மசியில் 11 வருடமாக நிற்கிறேன். வாப்பாவுக்கு நடந்தது பிழைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு என்றால் வழக்கமாக ஒரு நாளைக்கு 75, 100, 150 மில்லிகிராம் வரை போகும். அம்மாவுக்கு எழுதியது பன்னிரண்டரை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கி, வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அதற்கு செரடோனின், நோரட்ரினலின் என்ற நரம்பு இரசாயனங்கள் வேண்டும். நரம்பு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இந்தக் குளுசை தடுக்கிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் எரிவு குறைவது அதனால்தான். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் இதையே கொடுக்கிறார்கள். அப்போது யாரும் விசர் என்று சொல்வதில்லை!

வாவிக்கரை:
செரடோனின் கதையே ஆதாரமற்றது என்று 2022இல் பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்ததே, பார்க்கவில்லையா?

மருந்துத்துண்டு:
பார்த்தேன். செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது அது. மருந்து வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. கால் எரிவைப் பற்றி அதில் பேச்சே இல்லை.
நீங்கள் திட்டவேண்டிய இடம் வேறு. வாய் உலரும், மலம் இறுகும், காலையில் எழும்பும்போது தலை சுற்றும். வயசாளி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். க்ளோக்கோமா என்ற கண் அழுத்த நோய், ப்ரோஸ்டேட் வீக்கம், அண்மையில் மாரடைப்பு, இவை இருந்தால் டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். ட்ரமடோல் என்ற வலிக் குளுசை குடிப்பவரும் அப்படித்தான். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பையே குழப்பும் மருந்து, ஆகவே பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மாதக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அக்கரைப்பற்று மச்சான்:
இவ்வளவு விளக்கம் எதற்கு? நாங்கள் உம்மாவிடம் 'நரம்புக் குளுசை' என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். நிம்மதியாகத் தூங்குகிறா.

வாவிக்கரை:
அதுதான் என் கோபமே. வாப்பாவுக்கும் 'நரம்புக் குளுசை' என்றுதான் சொன்னார்கள். மூத்திரம் அடைத்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு 'சீனிக் குளுசை மட்டும்' என்றார். நரம்புக் குளுசையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காரணம் தெரிய இரண்டு நாள் போனது.

மருந்துத்துண்டு:
இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. நானும் கவுண்டரில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கல்லடியான்:
நேற்றிரவு அம்மாவை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள், கால் எரிவுக்கும் கொடுப்பார்கள், உங்களுக்குப் பாதிதான் என்றேன். கண்ணில் க்ளோக்கோமா இருக்கிறதா என்று வியாழக்கிழமை கிளினிக்கில் கேட்டபிறகு தொடங்கலாம் என்றிருக்கிறோம். கிளினிக் கொப்பி அட்டையில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்.
எல்லாம் கேட்டுவிட்டு, 'அப்ப எனக்குப் பாதி விசர்தானா?' என்று சிரித்தார்.