ஆங்கிலத் தேர்வில் மாணவர்களுக்கு இடையே நீங்கள் கண்ட இடைவெளி: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

கடலூர் முதுநகர் ஆசிரியை

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் ஆங்கில விடைத்தாள் ஒன்று இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் பார்த்து எழுதும் வினா எப்படி இருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அன்று வந்த படத்தில் கரையேற்றிய படகு, வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் இருவர், கூடையுடன் ஒரு பெண். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் அந்த மாணவன் விடுமுறை நாள்களில் தந்தையுடன் கடலுக்குப் போகிறவன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாள்களுக்கு வருமானம் இல்லை என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில், அதாவது திருப்புதல் தேர்வுகள் நடக்கும் அதே மாதங்களில், வீட்டாருக்கு அவனுடைய உழைப்பு கட்டாயம் தேவைப்படுகிறது.

அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். இட் இஸ் வெரி கலர்ஃபுல். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்.' எந்தப் படம் வந்தாலும் எழுதலாம் என்று மெல்லக் கற்போருக்கு மனப்பாடம் செய்விக்கும் வாக்கியங்கள் அவை. படகு என்ற சொல்கூட அதில் இல்லை. அருகில் அழைத்து, படத்தில் என்ன தெரிகிறது என்று தமிழில் கேட்டேன். அது எந்த மீனுக்கான வலை, படகை ஏன் அவ்வளவு மேலே ஏற்றியிருக்கிறார்கள், அந்தப் பெண் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, "டீச்சர், இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டான்.

அவனுக்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. அதே வகுப்பில், செவிலியராகப் பணிபுரியும் ஒருவரின் மகள், எழுத்துப் பிழைகளுடன் ஐந்து வாக்கியங்களைச் சொந்தமாக எழுதி நான்கு பெற்றாள். மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவர்கள் இருவருக்கும் ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வில்லியனூர் தந்தை

டீச்சர், உங்கள் பக்கம் மறைந்திருப்பது எங்கள் பக்கம் வெளியே வந்துவிட்டது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24-இல் ஆறு முதல் ஒன்பது வரையிலும் பதினொன்றாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்த என் மகள், ஒன்பதில் புதிய நூல்களைக் கையில் எடுத்து, 2025-இல் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதிய முதல் அணியில் ஒருத்தி. அந்த ஆங்கிலத் தாளில் 80-க்கு 20 மதிப்பெண், முன்பின் பார்த்திராத இரண்டு பத்திகளுக்கு உரியது. முதல் பத்தியே 400 சொற்களுக்கு மேல் இருக்கும். இரண்டாவதில் வரைபடமோ அட்டவணையோ சேர்ந்து வரும். இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போக வழியே இல்லை.

தேர்வுக்கு முன் ஓர் இரவு மாதிரித் தாளை வைத்துக்கொண்டு, தெரிந்த சொற்களின் அடியில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கம் முழுவதும் கோடு. அப்படியானால் எல்லாம் தெரிகிறதே என்று மகிழ்ந்து, பத்தி எதைப் பற்றியது என்று கேட்டேன். "ஒவ்வொரு வார்த்தையும் தெரியுதுப்பா, சேர்த்துப் படிச்சா என்னன்னு தெரியல" என்றாள். எல்.கே.ஜி. முதல் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகன், அதே தாளை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நேரம் மிச்சம் இருக்கும்படி முடித்தான். அவன் இவளைவிடப் புத்திசாலி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கணக்கில் இவளிடம்தான் அவன் சந்தேகம் கேட்கிறான்.

திருப்பாதிரிப்புலியூர், மெட்ரிக் பள்ளி ஆசிரியர்

இருவரும் சொல்வதைப் படித்தால் தனியார் பள்ளியில் சேர்ந்தாலே ஆங்கிலம் வந்துவிடும் என்ற எண்ணம் ஏற்படுகிறது. அதை மறுக்க வேண்டியிருக்கிறது. நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பில் சிப்காட் ஆலைகளுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர்களின் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி ஒரு பத்தியை எங்கும் தடுக்காமல், செய்தி வாசிப்பவர்போல் வாசித்தாள். வகுப்பே கைதட்டியது. அந்தப் பத்தியில் ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாமல் இருப்பான். "யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

ஆகவே அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று கோடு கிழிப்பது பாதி உண்மைதான். எங்கள் பள்ளிக்குள்ளேயே, வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்கும் குடும்பத்துப் பிள்ளையும் இந்தச் சிறுமியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெவ்வேறு தேர்வுகளை எழுதுகிறார்கள். வில்லியனூர் ஐயா, உங்கள் அண்ணன் வீட்டில் யார் ஆங்கிலம் அறிந்தவர்கள், பள்ளி முடிந்தபின் தனிப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையானதாக இருக்கும்.

வில்லியனூர் தந்தை

அண்ணி பட்டதாரி, தனிப்பயிற்சியும் உண்டு. என் வீட்டில் இரண்டும் இல்லை. நீங்கள் கேட்டது சரிதான் சார்.

கிள்ளை பக்கம், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்

பொதுத்தேர்வு வரை வந்துசேர்ந்த பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் மாலை வகுப்பு எடுத்த இருளர் குடியிருப்பில் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு பெண் இருந்தாள். பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்துடன் போய்விடுவதால் ஆண்டுதோறும் அவளுக்குப் பல மாதங்கள் பள்ளி கிடையாது. அவளுடைய ஆங்கில நோட்டைப் பார்த்தவர்கள் வியந்து போவார்கள். முத்து முத்தான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'வெரி குட்'. ஒரு நாள் அவள் கரும்பலகையிலிருந்து எழுதுவதைப் பின்னால் நின்று கவனித்தேன். ஓர் எழுத்துக்கு முதலில் கீழே கோடு, பிறகு மேலே வயிறு, பிறகு பக்கத்தில் இன்னொரு சிறு வளைவு என்று கோலத்துக்குப் புள்ளி சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்த வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டால் பதில் இல்லை. எழுத்தின் பெயரும் தெரியாது, ஒலியும் தெரியாது.

இவளுடைய நோட்டைத் திருத்தியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது நோட்டு திருத்துபவருக்கு நோட்டு மட்டுமே தெரியும். ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குள் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடும்போது இவர்கள் தோல்வியடைந்தவர்களின் பட்டியலில்கூட இருப்பதில்லை.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

என் அனுபவம் சிறியது. தேர்வு முடிவு வந்த நாளில் ஒரு மாணவன் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றதற்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தை என்னிடமே நிரப்பித் தரச் சொன்னான். அதில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது தந்தையின் தொழில் மட்டுமே.

இனி, பணியில் இருப்பவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் தேர்ச்சி 99.15 விழுக்காடு, தமிழில் 96.85. தாய்மொழியைவிட ஆங்கிலத்தில் அதிகம் பேர் தேறியிருக்கிறார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இடைவெளியே இல்லை என்று கூட்டங்களில் பேசுவார்கள், நம்பாதீர்கள். 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், மனப்பாடப் பாடலுக்கு 5, பழகிய கடிதம், பழகிய விளம்பரம் என்று சேர்த்தால், சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதாமல் தேர்ச்சி மதிப்பெண்ணான 35-ஐ நெருங்கிவிடலாம். தேர்ச்சிக் கோடு அங்கே போடப்பட்டிருப்பதால் அதற்கு மேலே இருக்கும் இடைவெளி கண்ணில் படுவதில்லை.

ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், காலாண்டுத் தேர்விலேயே வினா வகைப்படி பிரித்து எழுதுங்கள். மனப்பாடத்தால் வருவது ஒரு நெடுவரிசை, படித்துப் புரிந்து எழுதுவது இன்னொரு நெடுவரிசை. பிறகு தமிழ்வழி, ஆங்கிலவழி, ஆண், பெண், தொலைவிலிருந்து வருபவர், அடிக்கடி விடுப்பு எடுப்பவர் என்று அடையாளமிட்டுப் பாருங்கள். அதே 2024-இல் ஒட்டுமொத்தத் தேர்ச்சி மாணவியருக்கு 94.53, மாணவர்களுக்கு 88.58. கடற்கரை ஊர்களிலும் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்களிலும் ஆண் பிள்ளைகளை வேலை முன்கூட்டியே இழுத்துக்கொள்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் சிறப்பு வகுப்பு வைப்பது காலம் கடந்த வைத்தியம்.

ஆறாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் பத்து நிமிடம் பாடநூலுக்கு வெளியே உள்ள ஒரு சிறு பத்தியை வாசிக்க வையுங்கள். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது என்று பொருள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவதைக் குற்றமாக்கும் ஆசிரியர்கள்தான் இதற்கு முதல் தடை. படக் குறிப்புக்குப் பொது வாக்கியங்கள் தருவதை ஒன்பதாம் வகுப்பு வரையாவது நிறுத்துங்கள். திருப்பாதிரிப்புலியூர் நண்பர், உங்கள் மாணவி உரக்க வாசிப்பதைக் கைதட்டி ஊக்குவிப்பதையும் சிறிது காலம் தள்ளி வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், மெட்ரிக் பள்ளி ஆசிரியர்

ஐயா, கைதட்டியவர்கள் பிள்ளைகள். அதை நிறுத்த எனக்கு மனம் வராது. மற்றவற்றை ஏற்றுக்கொள்கிறேன்.

காலாப்பட்டு, கல்லூரி மாணவன்

தலைமையாசிரியர் ஐயா சொன்ன 'தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே' இருந்தவன் நான். குறிஞ்சிப்பாடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் தமிழ்வழியில் படித்து, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேல் வாங்கி, ஊரில் ஆங்கிலம் தெரிந்த பையன் என்று பெயர் எடுத்தவன். கல்லூரியில் முதல் ஆய்வக வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டது, சோதனையில் ஏன் அந்த மதிப்பு வந்தது என்பது மட்டும்தான். எனக்கு விடை தெரியும். உப்புக் கரைசல் நீர்த்துப் போயிருந்தது என்ற காரணம் தமிழில் நாக்கு நுனியில் நிற்கிறது. நான் செய்முறையின் முதல் படியிலிருந்து மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுத்தவனை அழைத்தார். அடுத்து வந்தவன் என்னிடம் பாடம் கேட்டுப் படித்தவன், புதுச்சேரி நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தவன். இலக்கணப் பிழையோடு இரண்டே வாக்கியம் சொல்லி அவன் முழு மதிப்பெண் வாங்கினான்.

அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரியாது என்று அவர் உண்மையாகவே நம்பியிருப்பார். ஐயாவின் பத்து நிமிட வாசிப்புடன், பிள்ளைகள் பிழையோடு பேசிப் பழகப் பத்து நிமிடமும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு முதல் பத்து வரை என் ஆங்கில வகுப்புகளில் நான் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசும்படி எவரும் கேட்டதில்லை.