1876 அமெரிக்க அதிபர் தேர்தல்: 184 ஓட்டு வாங்கிய டில்டன் தோற்றது எப்படி?

கேள்வி:
ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு மக்கள் ஓட்டு சுமார் 42.9 லட்சம், குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸுக்கு 40.3 லட்சம். எலெக்டர் ஓட்டு (ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் போடும் ஓட்டு) டில்டனுக்கு 184, ஹேய்ஸுக்கு 165. ஜெயிக்க 185 போதும். தகராறில் இருந்த 20 ஓட்டும் ஹேய்ஸுக்கே போயிருக்கிறது. நான்கு மாநிலங்களில் ஒன்றுகூட டில்டன் பக்கம் சாயவில்லையா? ரகசிய பேரம்தான் காரணம் என்கிறார்களே, சரியா?

பதில் 1:
பேரத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 20: லூசியானா 8, தென் கரோலினா 7, ஃப்ளோரிடா 4, ஓரிகன் 1.

தெற்கு மாநிலங்கள் மூன்றிலும் ஓட்டுகளைச் சரிபார்த்து அறிவிக்கும் வாரியங்கள் குடியரசுக் கட்சியினர் கையில் இருந்தன. லூசியானா வாரியம் மிரட்டல், மோசடி என்று சொல்லி சுமார் 15,000 ஓட்டுகளைத் தள்ளியது. பெரும்பாலும் டில்டன் ஓட்டுகள். இதை மட்டும் வைத்து 'திருட்டு' என்று முடித்துவிடாதீர்கள். கறுப்பின வாக்காளர்களை ஆயுதக் கும்பல்கள் அடித்து விரட்டியதும் உண்மை. தென் கரோலினாவில், வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்ற ஹாம்பர்க் படுகொலை நடந்தது அதே 1876 ஜூலையில்தான். அங்கே பதிவான ஓட்டு, தகுதியுள்ள வாக்காளர் எண்ணிக்கையையே தாண்டியது. எந்தப் பக்கத்துக் கணக்கும் சுத்தமில்லை.

ஓரிகன் வேறு கதை. அங்கே ஹேய்ஸ் ஜெயித்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய எலெக்டர்களில் ஒருவரான வாட்ஸ், தபால் அதிகாரி. மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் எலெக்டராகக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். ஜனநாயகக் கட்சி கவர்னர் குரோவர் அதைப் பிடித்துக்கொண்டு, தன் கட்சிக்காரர் குரோனினுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

பதில் 2:
அடுத்த சிக்கல் அரசியல் சட்டத்தின் 12வது திருத்தம். செனட் தலைவர் சான்றிதழ்களைப் பிரிப்பார், பிறகு ஓட்டுகள் 'எண்ணப்படும்' என்று இருக்கிறது. யார் எண்ணுவது என்று இல்லை. செனட் குடியரசுக் கட்சியிடம், பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம். அதனால்தான் 1877 ஜனவரி 29-இல் தகராறு ஓட்டுகளை முடிவுசெய்ய 15 பேர் கமிஷனுக்குச் சட்டம் வந்தது: செனட்டர்கள் 5, சபை உறுப்பினர்கள் 5, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 5. கட்சிவாரியாக 7-7 வரும். 15-ஆவது ஆளாக, கட்சி சாராத நீதிபதி டேவிட் டேவிஸ் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இலினாய் சட்டமன்றம் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது, அவர் கமிஷனில் சேர மறுத்துவிட்டார். அந்த இடத்துக்குக் குடியரசுக் கட்சி சார்ந்த நீதிபதி ஜோசப் பிராட்லி வந்தார். முக்கியத் தீர்ப்புகள் எல்லாம் 8-7.

20-ம் ஒரே பக்கம் போனதற்குக் காரணம் கமிஷன் பிடித்த விதி: மாநிலச் சட்டப்படி முடிவை அறிவிக்க வேண்டிய அமைப்பு அறிவித்துவிட்டால், அதற்குப் பின்னால் போய் வாக்குச்சாவடிச் சாட்சிகளை விசாரிப்பதில்லை. தெற்கில் அந்த அமைப்பு வாரியம். ஓரிகனில் மாநிலச் செயலாளரின் எண்ணிக்கை, கவர்னரின் சான்றிதழ் அல்ல. குரோவரின் வியூகம் அங்கேதான் உடைந்தது. கமிஷன் முடிவை மாற்ற இரண்டு சபையும் சேர்ந்து மறுக்க வேண்டும், செனட் மறுக்குமா?

பதில் 3:
பேரம் பற்றி. ஜனநாயகக் கட்சியில் ஒரு பிரிவு எண்ணிக்கையை இழுத்தடித்தது. பழைய அதிபரின் பதவிக்காலம் முடியும் மார்ச் 4-க்குள் எண்ணி முடிக்காவிட்டால் புது அதிபர் இருக்க மாட்டார். பிப்ரவரி 26-இல் வாஷிங்டன் வோர்ம்லி ஹோட்டலில் ஹேய்ஸ் ஆட்களும் தெற்கு ஜனநாயகக் கட்சியினரும், தெற்கிலிருந்து படைகளை விலக்குவது பற்றிப் பேசினார்கள். மார்ச் 2 அதிகாலை 185-184 என்று அறிவிப்பு. தெற்கு ஜனநாயகக் கட்சிக்காரரான டென்னசியின் டேவிட் கீ தபால் துறை அமைச்சரானார். ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா சட்டமன்றக் கட்டடங்களைக் காத்த மத்திய அரசுப் படைகள் முகாமுக்குத் திரும்பின, இரண்டு குடியரசுக் கட்சி அரசுகளும் கவிழ்ந்தன. டெக்சஸ் பசிபிக் ரயில்பாதைக்குத் தெற்குத் தரப்பு கேட்ட மானியம் மட்டும் கிடைக்கவே இல்லை.

என் கருத்தில், ஹோட்டல் பேச்சு ஹேய்ஸை அதிபராக்கவில்லை. கமிஷன் தீர்ப்புதான் ஆக்கியது. ஹோட்டலில் விலைபோனது தெற்கின் கறுப்பின மக்களுக்கு இருந்த பாதுகாப்பு. அதற்கு முன்பே அப்போதைய அதிபர் கிராண்ட் அந்த அரசுகளைத் தாங்கிப் பிடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'யார் எண்ணுவது' என்ற ஓட்டையை அடைத்தார்களா?

பதில் 2:
பத்து வருடம் கழித்து, 1887 சட்டத்தில். ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு பட்டியல் வந்து சபைகள் ஒத்துப்போகாவிட்டால், கவர்னர் கையெழுத்திட்டதே செல்லும் என்றார்கள். 1876 ஓரிகனுக்கு அந்த விதியைப் போட்டுப் பாருங்கள், குரோனின் ஓட்டு செல்லுபடியாகி டில்டன் 185 தொட்டிருப்பார். ஆட்சேபத்துக்கு ஒவ்வொரு சபையிலும் ஒருவர் கையெழுத்து போதும் என்றிருந்ததை, ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்று மாற்றியது 2022-இல்தான்.