முப்பது மீட்டர் நீட்டிப்பு வயருக்கு எந்தக் கேபிள் வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். தைப்பூசக் காவடியன்று, கோயில் மண்டபத்திலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் பந்தலில் 2,500 வாட் வெந்நீர்க் கலனுக்கும் 200 வாட் விளக்குகளுக்கும் மின்சாரம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக் கம்பிகள் கொண்ட கேபிளைப் பாதிக்கு மேல் சுருளிலேயே விட்டுவிட்டு இணைத்தோம். ஒரு மணி நேரத்தில் உள்சுற்றுகளின் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது; பிளக்கில் ஒரு முள்ளின் அடி பழுப்பேறியிருந்தது. சுற்றிலும் குழந்தைகள் நின்றிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இம்முறை புதிதாகச் செய்ய விரும்புகிறேன். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 12 ஆம்பியர் ஓடும். என் கணக்குப்படி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் சுமார் 10 வோல்ட்டும், 2.5-இல் சுமார் 6 வோல்ட்டும் குறையும். 2.5 தான் சரி என்று தோன்றினாலும், அந்தத் தடித்த மூன்று கம்பிக் கேபிள் நம்மூர் 16 ஆம்பியர் பிளக்கின் பிடிப்புக்குள் ஒழுங்காக அடங்குமா என்பதே என் முதல் சந்தேகம்.

அடுத்தது மேலுறை. தைப்பூசம் இங்கே கோடை மழைக்காலத்தில் வருவதால், ஈரப்புல்லின் மீது கிடக்கவும் மக்கள் மிதிக்கவும் ரப்பர் உறை அவசியமா, சாதாரண பிவிசி தாங்குமா? கலன் உலோகத்தாலானது என்பதால் எர்த் கம்பியைத் தவறாமல் இணைப்பேன்; மண்டபத்தில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் உண்டு.

இத்தகைய கேபிளைப் பயன்படுத்திய அனுபவமுள்ளவர்கள், குறிப்பாக மின்பணியாளர்கள், வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.